ஐரிஷ் தொன்மப் பெயர்களைச் சரியாக உச்சரிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரிஷ் தொன்மக் கதைகளை ஆங்கில நூல்களின் வழியாகப் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் பக்கத்திலேயே பெயர்களில் இடறுவார்கள். அயர்லாந்தின் மேற்கிலுள்ள கொனஃக்த் நாட்டு அரசியின் பெயர் ஒரு நூலில் எம்-ஈ-டி-பி என்று நான்கு எழுத்துகளில் இருக்கும். இன்னொரு நூலில் அதே அரசிக்கு ஆறு எழுத்துகள். மூன்றாவது நூலில் மேவ் என்று படிக்க எளிதான ஓர் ஆங்கில வடிவம். இதைக் கண்டு ஐரிஷ் எழுத்துமுறைக்கு ஒழுங்கே கிடையாது என்று முடிவுகட்டுவோர் பலர். உண்மையில் அது ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. குழப்பத்துக்குக் காரணங்கள் இரண்டு: ஐரிஷ் எழுத்துகளுக்கு ஆங்கில ஒலிகளைக் கொடுத்துப் படிப்பது ஒன்று, வெவ்வேறு நூற்றாண்டுகளின் எழுத்து வடிவங்கள் ஒரே நூலில் கலந்து கிடப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பெரும்பாலான பெயர்களைத் துணையின்றியே வாசித்துவிடலாம்.

தொடங்குமுன் இங்கே கையாளப்படும் குறியீடுகளைப் பற்றிச் சில சொற்கள். பி என்பது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து, டி என்பது நான்காம் எழுத்து, டீ என்பது இருபதாம் எழுத்து. ஐரிஷில் சி-எச் சேர்ந்து வரும்போது தொண்டையில் உராய்ந்து பிறக்கும் ஒலியை 'எஃகு' என்ற சொல்லில் உள்ளது போல ஃக என்று எழுதுகிறேன். ஃப வழக்கம்போல ஆங்கில எஃப் ஒலியைக் குறிக்கும். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று மேற்கோள் குறியின்றி வருபவை ஆங்கில உயிரெழுத்துகளின் பெயர்கள்; மேற்கோள் குறிக்குள் வருபவை தமிழ் ஒலிகள். தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட இயலாத இடங்களில் ஒலியைச் சொற்களால் விளக்குகிறேன்.

முதற்படி: பெயர் எந்தக் காலத்து எழுத்தில் உள்ளது என்று பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பலர் தாண்டிச் செல்வதும் இதைத்தான். இக்கதைகளைத் தாங்கி வந்துள்ள கையெழுத்துச் சுவடிகளில் பழமையானது, இன்று டப்ளினில் உள்ள ராயல் ஐரிஷ் அகாதமியில் இருக்கும் பழுப்புப் பசுவின் நூல். அது 12ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் எழுதி முடிக்கப்பட்டது. ஆனால் அதிலுள்ள கதைகள் பல அதற்கும் முந்தைய பழைய ஐரிஷ் மொழியில், அதாவது ஏறத்தாழ 600 முதல் 900 வரை வழங்கிய மொழியில், உருவானவை. அதன்பின் ஏறத்தாழ 1200 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை புலவர்கள் கையாண்ட செவ்வியல் எழுத்துமுறை ஒன்று வந்தது. 1940களில் அரசு எழுத்துகளைச் சுருக்கிச் சீர்திருத்தியது. 1958இல் அதிகாரபூர்வ நெறி வெளியாயிற்று. இவற்றோடு 19ஆம், 20ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலத்தில் எழுதியவர்கள் தம் காதுக்கு எட்டியபடி அமைத்த வடிவங்களும் சேர்ந்துகொண்டன.

கொனஃக்த் அரசியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பழைய ஐரிஷில் எம்-ஈ-டி-பி. செவ்வியல் எழுத்தில் டிக்குப் பின்னும் பிக்குப் பின்னும் ஒவ்வோர் எச் சேர்ந்து ஆறு எழுத்துகள். இன்றைய எழுத்தில் எம்-ஈ-ஏ-பி-எச், ஈயின் மேல் ஒரு சாய்கோடு. ஆங்கிலத்தில் மேவ். எழுத்து மாறியது போலவே ஒலியும் மாறியிருக்கிறது. பழைய காலத்தில் 'அது' என்னும் சொல்லின் நடுவில் வரும் த் ஒலியும் அதைத் தொடர்ந்து வ் ஒலியுமாக, ஏறத்தாழ 'மெத்வ்' என்று வழங்கிய பெயர், இன்று 'மேவ்' என்றே ஒலிக்கிறது.

அடையாளம் காணும் வழி எளிது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் பி, டி, ஜி, எம் ஆகியவை எச் இல்லாமல் தனித்து நின்றால் பெரும்பாலும் அது பழைய ஐரிஷ் வடிவம். எச்கள் நெருக்கியடித்து நின்றால் செவ்வியல் வடிவம். எச்கள் குறைந்து சாய்கோடுகள் தெளிவாக இருந்தால் இன்றைய வடிவம். கே, வி, டபிள்யூ, ஒய் போன்ற எழுத்துகள் தென்பட்டால் அது ஆங்கில வடிவம் என்று தயங்காமல் சொல்லலாம், ஏனெனில் மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் பதினெட்டு எழுத்துகளே உண்டு. இவை அவற்றில் இல்லை.

எக்காலத்து உச்சரிப்பைப் பின்பற்றுவது என்பது அடுத்த கேள்வி. கதைகளை இன்பத்துக்காகப் படிப்பவர் இன்றைய ஐரிஷ் உச்சரிப்பையே கைக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அது உயிரோடு இருக்கும் மொழி. சரிபார்க்கக் குரல்கள் கிடைக்கின்றன. பழைய இலக்கியத்தை மூலத்தில் கற்பவர் பழைய ஒலிகளைப் பின்பற்றலாம். எதைத் தேர்ந்தாலும் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது.

இரண்டாம் படி: பழைய வடிவமானால் மெய்யெழுத்தின் இடத்தைக் கவனியுங்கள்

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஆங்கில வாசகருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. 'கல்' என்பதிலும் 'பகல்' என்பதிலும் ஒரே க எழுத்தைத்தான் எழுதுகிறோம். ஆனால் முதலில் வல்லொலியாகவும் நடுவில் உராய்ந்து நெகிழ்ந்த ஒலியாகவும் சொல்கிறோம். இடம் ஒலியைத் தீர்மானிக்கிறது. பழைய ஐரிஷ் எழுத்துமுறையும் இதே கொள்கையில்தான் நிற்கிறது.

சொல்லின் முதலில் பி, டி, ஜி, எம் எழுதியபடியே ஒலிக்கும். உயிருக்குப் பின் வந்தால் பி என்பது வ் ஆகும். எம் என்பது மூக்கொலி கலந்த வ் ஆகும். டி என்பது 'அது' சொல்லின் த் போலவும், ஜி என்பது 'பகல்' சொல்லின் க் போலவும் நெகிழும். அதே இடத்தில் சி, டீ ஆகிய வல்லெழுத்துகள் தனியாக வந்தால் முறையே ஆங்கில ஜி, டி ஒலிகளாகக் குரல் பெறும். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் பெருவீரன் கூ ஃகுலிஞ்ஞின் மனைவி பெயர் ஈ-எம்-ஈ-ஆர் என்று எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் 'எமர்' என்று படிப்பார்கள். பழைய ஐரிஷில் அது 'எவெர்'. அல்ஸ்டர் மன்னன் கொன்ஃகவர் பெயரின் நடுவில் பி எழுத்து நிற்கிறது, ஒலிப்பது வ். ஈ-டீ-ஏ-ஐ-என் என்று எழுதப்படும் அழகியின் பெயரில் உள்ள டீ ஒலிப்பது டி எழுத்தின் ஒலியாக. பிற்காலத்தார் அவளுடைய பெயரை டி எழுத்திட்டே எழுதத் தொடங்கினர். இன்று 'ஏதீன்' என்பார்கள். பிரிஜிட் என்று உலகம் அறிந்த தெய்வத்தின் பெயரிலும் கடைசி டீ குரல் பெற்றே ஒலித்தது. நடுவிலுள்ள ஜி நெகிழ்ந்து, பின்னர் முழுதும் தேய்ந்து, இன்றைய ஐரிஷில் 'ப்ரீட்' என்ற ஓரசைப் பெயராகிவிட்டது.

போர்த் தெய்வமான மோர்ரீயனையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். கணினி விளையாட்டுகளால் 'மாரிகன்' என்ற உச்சரிப்பு பரவிவிட்டது. பழைய பெயரின் நடுவிலுள்ள ஜி 'பகல்' சொல்லின் க் போன்றது; அது தேய்ந்து மறைந்த பின் வந்ததே 'மோர்ரீயன்'. ரீ நெடில் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: பிற்கால வடிவமானால் எச் எழுத்தைத் தனியாகப் படிக்காதீர்கள்

ஐரிஷில் எச் பெரும்பாலும் ஓர் எழுத்தே அன்று. முன்னுள்ள மெய் நெகிழ்ந்துவிட்டது என்பதைக் காட்டும் குறி. பழைய ஐரிஷ் அச்செழுத்துகளில் இதற்கு மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளிக்குப் பதிலாக எச் எங்கும் பரவியது. மெய்யின் மேல் புள்ளி வைத்துப் பழகிய நாம் எச்சைக் காணும்போதெல்லாம் அங்கே ஒரு புள்ளி இருப்பதாக நினைத்துக்கொண்டால் பாதி மிரட்சி போய்விடும்.

பி-எச், எம்-எச் இரண்டும் வ். சி-எச் என்பது ஃக். டீ-எச், எஸ்-எச் இரண்டும் ஹ். எஃப்-எச் ஒலியே இல்லாமல் மறைந்துவிடும். ஃபின் என்னும் வீரனை விளித்து அழைக்கும்போது 'அ இஞ்' என்றே ஐரிஷ்காரர் சொல்வதற்குக் காரணம் இதுதான். டி-எச், ஜி-எச் இரண்டும் சொல்லின் முதலில் தொண்டையில் உராயும். ஈ, ஐ அருகில் ய் ஆகும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் பெரும்பாலும் மறைந்து, முன்னுள்ள உயிரை நீட்டிவிட்டுச் செல்லும்.

இந்த மறைவுதான் நெடிய எழுத்துக்கோவைகளைக் குறுகிய ஒலிகளாக்குகிறது. ஏ-டி-எச், ஏ-ஜி-எச் வந்தால் 'ஐ'. ஏ-எம்-எச் வந்தால் 'ஔ'. யூ-எம்-எச், யூ-ஜி-எச் வந்தால் 'ஊ'. ஃபின்னுடைய முழுப்பெயரில் 'மகன்' என்ற சொல்லுக்குப் பின் வரும் தந்தை பெயர் எட்டு எழுத்துகளில் சி-யூ-எம்-எச்-ஏ-ஐ-எல்-எல் என்று நீண்டு கிடக்கும்; வாயில் 'கூல்' என்ற ஓரசையே வரும். லூ என்னும் ஒளிமிகு வீரனின் பெயரில் ஜி-எச் இருக்கும், ஒலிக்காது. அவன் பெயரால் வழங்கும் அறுவடைத் திருவிழாவின் பழைய எழுத்து மிக நீளம். இன்றைய ஐரிஷில் அது 'லூநஸ', ஆகஸ்ட் மாதத்தின் பெயரும் அதுவே. நவம்பர் முதல் நாளின் திருவிழாவை 'சாம்ஹெய்ன்' என்று படிப்பது உலகெங்கும் காணும் பிழை. 'சௌஇன்' என்பதே சரி. ஃபின்னின் மகன் ஓஷீனின் தாய், மான் வடிவம் பெற்றவள், பெயர் எஸ்-ஏ-டி-எச்-பி-எச். மேலே சொன்ன விதிப்படி 'சைவ்'. போர்த் தெய்வம் பைவ், அரசி மேவ் ஆகியோரின் பெயர்களும் இதே அமைப்பில் முடிவதால் ஒன்றைக் கற்றால் மூன்றும் வசமாகும்.

தூஅஹ டியே தனன் என்னும் தெய்வ இனத்தின் பெயரிலும் டீ-எச் ஹ் என்றே ஒலிக்கும். 'துவாத்தா' என்று அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: உயிரெழுத்துகளில் ஒலிப்பது எது, வழிகாட்டுவது எது என்று பிரியுங்கள்

ஐரிஷின் ஒவ்வொரு மெய்க்கும் அகன்ற ஒலி, ஒடுங்கிய ஒலி என்று இரண்டு உண்டு. ஏ, ஓ, யூ ஆகிய உயிர்களின் பக்கத்தில் மெய் அகன்று ஒலிக்கும். ஈ, ஐ பக்கத்தில் நாக்கு அண்ணத்தை நோக்கி எழும்ப, ஒடுங்கி ஒலிக்கும். ஒரு மெய்யின் இரு புறமும் ஒரே வகை உயிர்கள் நிற்க வேண்டும் என்பது எழுத்து விதி. அந்த விதியை நிறைவு செய்வதற்காகவே ஒலிக்காத உயிர்கள் சொல்லுக்குள் நுழைகின்றன. ஓஷீன் என்ற பெயரை ஓ-ஐ-எஸ்-ஐ-என் என்று எழுதுவதில் முதல் ஐ ஒலிப்பதற்காக வந்ததன்று. எஸ் எழுத்து ஒடுங்கி 'ஷ்' ஆகிறது என்று சொல்ல வந்தது. கடைசிக்கு முந்தைய ஐ மேல் சாய்கோடு இருப்பதால் அது நெடிலாக முழுமையாக ஒலிக்கும்.

சாய்கோட்டை ஐரிஷில் ஃபாதா என்பார்கள். ஃபாதா உள்ள உயிர் எப்போதும் நெடில், எப்போதும் ஒலிக்கும். ஆகவே உயிர்க்கூட்டம் ஒன்றைக் கண்டால் முதலில் ஃபாதாவைத் தேடுங்கள். பக்கத்தில் இருப்பவை வழிகாட்டிகள். ஃபாதா இல்லாதபோது சில கூட்டங்களை நினைவில் வைத்தால் போதும். ஈ-ஏ என்பது 'அ', முன்னே ஒரு மெல்லிய ய் ஒலியோடு. ஏ-ஐ என்பதும் 'அ'. ஐ-ஓ என்பது 'இ'. ஐ-ஏ, யூ-ஏ இரண்டிலும் இரு உயிர்களும் சேர்ந்து ஒலிக்கும், 'ஈஅ', 'ஊஅ' என்று. ஏ-ஓ-ஐ என்னும் மூவுயிர்க் கூட்டம் வெளியாரை மிகவும் ஏமாற்றுவது. அது வெறும் 'ஈ'. ஆகவே வீராங்கனையின் பெயர் 'ஈஃப', 'அயோஃபி' அன்று. துயரக் கதையின் நாயகி தெர்ட்ரெயின் காதலன் 'நீஷ'. அயர்லாந்து பிரதமரின் பதவிப் பெயரும் இதே கூட்டத்தால் 'தீஷஃக்' என்று ஒலிக்கிறது; செய்தி ஒலிபரப்புகளில் அன்றாடம் கேட்கலாம்.

தமிழ் எழுத்து இங்கே இன்னொரு முறை கைகொடுக்கிறது. அகன்ற டீ, டி ஆகியவை ஐரிஷில் பல்லில் நாக்கு படப் பிறக்கும். ஆகவே அவற்றுக்கு ட அன்று, த தான் பொருத்தம். ஆநிரை கவரும் பெருங்கதையைச் சுருக்கமாகக் குறிக்கும் பெயர் 'தாஞ்', 'டெய்ன்' அன்று. ஒடுங்கிய என் நமது ஞ-வுக்கு மிக அருகில் வரும். 'க்ராஞ' என்ற இளவரசியின் பெயரை ஆங்கிலேயர் 'கிரான்யா' என்று இரண்டாக உடைத்துச் சொல்லத் திணறும் இடத்தில் நாம் 'ஞாயிறு' என்பதன் முதலெழுத்தை அப்படியே வைத்துவிடலாம். அப்பெயரின் முதலெழுத்து ஆங்கில ஜி என்பதால் 'கங்கை' சொல்லின் இரண்டாம் க போலக் குரலோடு தொடங்க வேண்டும். சி எழுத்து எங்கும் க் தான், ஒருபோதும் ஸ் ஆகாது. லூவின் தந்தை 'கீஅன்', 'சியான்' அல்லர்.

ஐந்தாம் படி: அழுத்தத்தை முதலசையில் வையுங்கள்

இது எளிது. பெயரின் முதலசையை அழுத்துங்கள். அழுத்தம் பெறாத குற்றுயிர்கள் மங்கி, அ-வுக்கும் உ-வுக்கும் இடைப்பட்ட ஒரு தெளிவற்ற ஒலியாகும். கடைசியில் வரும் ஈ எழுத்து ஆங்கிலத்தில் போல ஊமையன்று, மங்கலாகவேனும் ஒலிக்கும். கடல் தெய்வம் மனனானின் பெயரில் கடைசி அசை நெடில், அழுத்தம் முதலசையில். இரண்டையும் ஒரே மூச்சில் காக்கச் சிறிது பழக வேண்டும். 'மக்' (மகன்), 'ந' போன்ற சிறு சொற்கள் அழுத்தம் பெறா.

எல், என், ஆர் எழுத்துகளுக்குப் பின் பி, ஜி, எம் போன்றவை வந்தால், எழுத்தில் இல்லாத ஒரு குற்றுயிரை இடையே நுழைப்பது ஐரிஷ் வழக்கம். சிவப்பு என்று பொருள்படும் டி-ஈ-ஏ-ஆர்-ஜி இதனால் 'டியரக்' என்று ஈரசையாகும். லிர் மன்னனின் பிள்ளைகள் கதையில் வரும் போவ் டியரக் என்னும் அரசனைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

ஆறாம் படி: முழுப்பெயரில் முதலெழுத்து மாறுவதை எதிர்பாருங்கள்

கூ ஃகுலிஞ் பிறந்தபோது வைத்த பெயர் ஷேதந்த. குலன் என்னும் கொல்லனின் காவல் நாயை அவன் சிறுவனாக இருந்தபோது கொன்றுவிட்டு, வேறொரு நாய் வளரும்வரை தானே காவல் இருப்பதாக வாக்களித்தான்; அதனால் 'குலனின் நாய்' என்ற பெயர் பெற்றான். கூ என்றால் வேட்டை நாய். குலன் என்ற பெயர் 'உடைய' என்னும் வேற்றுமைப் பொருளில் இரண்டு இடங்களில் மாறுகிறது: முதலெழுத்து சி நெகிழ்ந்து சி-எச் ஆகி 'ஃகு' என்று ஒலிக்கிறது, கடைசி மெய் ஒடுங்குவதால் அதன்முன் ஓர் ஐ நுழைந்து 'ஞ்' ஆகிறது. குலன், ஃகுலிஞ். இந்த ஒரு பெயரை நன்கு புரிந்துகொண்டவருக்கு, ஒருவர் பெயர் தனியாக வரும்போது ஒரு விதமாகவும் மகன், நாய், மேடு என்ற சொற்களுக்குப் பின் வரும்போது வேறு விதமாகவும் எழுதப்படுவது புதிராக இராது. அழுத்தம் 'ஃகு' மீது விழும்; 'குச்சுலைன்' என்ற ஆங்கிலப் படிப்பில் இவற்றில் எதுவும் மிஞ்சுவதில்லை. டப்ளின் தலைமை அஞ்சல் நிலையத்தில் ஆலிவர் ஷெப்பர்ட் வடித்த இவ்வீரனின் சிலை உள்ளது. பார்க்கச் செல்பவர் வழி கேட்கும்போதாவது சரியாகச் சொல்லலாம்.

இன்னொரு வகை மாற்றத்தில் முதலெழுத்துக்கு முன்னே வேறோர் எழுத்து வந்து அதை மறைத்துவிடும். எழுத்தில் இரண்டும் இருக்கும். ஒலிப்பது முன்னது மட்டும். எம்-பி என்றால் ம், ஜி-சி என்றால் ஆங்கில ஜி, என்-டி என்றால் ந். உயிரில் தொடங்கும் சொல்லின் முன் என் மட்டும் சேரும். இளையோர் நாடு 'டீர் ந நோக்' ஆவது அவ்வாறே. என்-ஜி வந்தால் ங். வடமேற்கு மாவட்டமான டொனிகாலின் ஐரிஷ் பெயர் 'தூன் ந ஙால்', அந்நியர் கோட்டை என்று பொருள். ஆத்திசூடியில் 'ஙப் போல் வளை' என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு ங-வில் ஒரு சொல்லைத் தொடங்குவது கடினமாக இராது.

ஊர்ப்பெயர்கள் இம்மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம். அல்ஸ்டர் மன்னர்களின் தலைநகர் எவின் மஃக. இன்று ஆர்மா நகருக்கு அருகில் நேவன் கோட்டை என்று ஆங்கிலத்தில் வழங்குகிறது. நடு எம் எழுத்து வ் ஆனதையும், முன்னிருந்த சுட்டுச் சொல்லின் ந் ஒட்டிக்கொண்டதையும் அந்த ஆங்கிலப் பெயரே காட்டிவிடுகிறது.

ஏழாம் படி: வட்டார வழக்கை அறிந்து, காதால் சரிபாருங்கள்

ஐரிஷுக்கு மன்ஸ்டர், கொனஃக்த், அல்ஸ்டர் என்று மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. ஓஷீனின் காதலிக்கு நீஅவ் என்று தெற்கே சொல்லப்படும் பெயரின் இறுதி வடக்கே 'நீஅவு' என்பது போல இதழ் குவிந்து முடியும். மன்ஸ்டரில் நெடில் உள்ள இரண்டாம் அசைக்கு அழுத்தம் நகர்வதால் ஓஷீன் அங்கே 'அஷீன்' என்பது போலக் கேட்கும். இவற்றில் எதுவும் பிழையன்று. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்பது போதும். டியங்லன் என்னும் இணைய அகராதியில் சொற்களை மூன்று வழக்குகளிலும் ஒலிவடிவில் கேட்கலாம். டிரினிட்டி கல்லூரி உருவாக்கிய அபைர் என்னும் செயலியில் எந்தப் பெயரையும் தட்டெழுதி வழக்கைத் தேர்ந்து கேட்கலாம். ஆனால் இன்றைய எழுத்து வடிவத்தைத் தர வேண்டும், பழைய ஐரிஷ் வடிவத்தைத் தந்தால் இன்றைய விதிப்படி படித்து ஏமாற்றிவிடும். காணொளித் தளங்களில் 'சரியான உச்சரிப்பு' என்று வரும் இயந்திரக் குரல்களை நம்ப வேண்டாம். அவற்றில் பல ஆங்கில விதிப்படியே படிக்கின்றன.

இவ்விதிகளை வேல்ஸ் நாட்டுத் தொன்மப் பெயர்களுக்குப் பொருத்தக் கூடாது. இரண்டும் கெல்டிக் குடும்பம் என்றாலும் எழுத்துமுறை முற்றிலும் வேறு. அங்கே ஒற்றை எஃப் எழுத்தே வ் என்று ஒலிக்கும்.

இக்கதைகளைத் தமிழில் எழுத முனைவோர் பெயர்ப் பட்டியல் ஒன்றை முதலிலேயே வகுத்துக்கொள்வது நல்லது. பெயருக்கு நேரே மூல நூலின் எழுத்து வடிவம், அது எக்காலத்தது என்ற குறிப்பு, தேர்ந்த உச்சரிப்பு, தமிழ் வடிவம் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். மேவ், ஃபின், தெர்ட்ரெ போல ஏற்கனவே எளிதாக இருப்பவற்றை அப்படியே விடலாம். கூ ஃகுலிஞ் போன்றவற்றில் ஆய்தம் வாசகரைத் தடுக்கும் என்று தோன்றினால் 'கூ குலின்' என்று எளிமையாக்கலாம்; ஆனால் 'குச்சுலைன்' என்று எழுதுவதை ஏற்க முடியாது, ஏனெனில் முன்னது ஒலியைத் தமிழுக்கு இசைய நெகிழ்த்துகிறது, பின்னது இல்லாத ஒலியைப் புகுத்துகிறது. இருபது பெயர்களுக்கு இப்படிப் பட்டியல் போட்டு முடித்தால், இருபத்தொன்றாவது பெயருக்கு அகராதியைத் திறக்கும் முன்பே விடையை ஊகித்துவிடலாம்.